மெஷின் மிச்சம்பிடித்த நேரம் யார் கைக்குப் போனது?

"இயந்திரம் வந்தால் வேலை குறையும் என்றார்கள். கம்ப்யூட்டர் வந்தது, இன்டர்நெட் வந்தது, இப்போது ஏஐயும் வந்துவிட்டது. அப்பா எட்டு மணி நேரம் வேலை பார்த்தார், நான் பதினோரு மணி நேரம் பார்க்கிறேன். ஓய்வு பெருகும் என்று சொன்ன அறிஞர்களெல்லாம் தப்புக்கணக்குப் போட்டார்களா? ஏஐயாவது இதை மாற்றுமா?" இதுதான் உங்கள் கேள்வி.

கணக்கில் பெரிய தப்பில்லை. மெஷின் எவ்வளவு உழைப்பை மிச்சம்பிடிக்கும் என்பதை ஏறக்குறையச் சரியாகவே சொன்னார்கள். அந்த மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டார்கள். தானாக உழைப்பவன் கைக்கு வந்துசேரும் என்று நம்பிவிட்டார்கள். தொழிலாளர் வழக்குகளோடு நெடுநாள் பழகியவன் நான். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற கணிப்பு. 1930இல், உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் பேரப்பிள்ளைகளின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நூறு ஆண்டுகளில் முன்னேறிய நாடுகளில் வாழ்க்கைத்தரம் நான்கிலிருந்து எட்டு மடங்கு உயரும், அப்போது நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்றார். அந்த மூன்று மணி நேரம்கூடத் தேவைக்காக அல்ல, உழைத்துப் பழகிய மனிதனால் சும்மா இருக்க முடியாதே என்பதற்காக. இவ்வளவு ஓய்வை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய கவலை! இதை எழுதியவரோ கல்லூரி, அரசாங்கம், பங்குச்சந்தை, நாடக அரங்கு என்று ஓயாமல் ஓடி, 62 வயதில் இதயநோயில் இறந்துபோனார்.

2030க்கு அதிக நாள் இல்லை. வாழ்க்கைத்தரக் கணிப்பு பலித்துவிட்டது. மேற்கு நாடுகள் அவர் சொன்ன நான்கு மடங்கைத் தாண்டிவிட்டன. 15 மணி நேர வாரம் எங்கும் வரவில்லை.

கெயின்ஸ் மட்டும் கனவு கண்டார் என்று நினைக்காதீர்கள். 1933 ஏப்ரலில் அமெரிக்க செனட் வாரத்துக்கு 30 மணி நேரம் என்ற மசோதாவை 53க்கு 30 என்ற வாக்கில் நிறைவேற்றியது. ரூஸ்வெல்ட் அரசுக்கு அதில் விருப்பமில்லை, மசோதா அப்படியே அமுங்கியது. அதற்குப் பதிலாக 1938இல் வந்த சட்டம் 1940 வாக்கில் 40 மணி நேரத்தில் வந்து நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. 1956இல் துணை ஜனாதிபதியாக இருந்த நிக்சன், நான்கு நாள் வேலைவாரம் வெகுதூரத்தில் இல்லை என்று பேசினார். அவர் இடதுசாரி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு இது ஊரறிந்த எதிர்பார்ப்பு.

நம் பக்கமும் பாருங்கள். 1918இல் பெரம்பூர் பின்னி மில்களில் பன்னிரண்டு மணி நேர வேலை. 1911 தொழிற்சாலைச் சட்டம் அதை அனுமதித்தது. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. அதற்குள் வெளியே ஓடி, கைகால் கழுவி, சாப்பிட்டு, கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று இந்த இடைவேளையை நீட்டுவது. ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். சட்டம் படிப்படியாக இறங்கியது: 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1946இல், 48. 1948 தொழிற்சாலைச் சட்டம் அந்த 48ஐ உறுதிப்படுத்தியது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் முப்பத்தைந்து வருடங்களில் 72இலிருந்து 48க்கு வந்த வேலைவாரம், சுதந்திர இந்தியாவில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக 48இலேயே நிற்கிறது. இடையில் எத்தனை மெஷின் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நேரம் குறைந்ததற்கும் மெஷினுக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் இப்படி நடக்குமா?

இங்கே ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஓய்வுச் சமுதாயம் வரவே இல்லை என்பது முழு உண்மையில்லை. ஓர் ஊரில் வந்தது, ஐம்பது வருடங்களுக்கு மேல் இருந்தது, பிறகு போனது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக். கார்ன்ஃபிளேக்ஸ் பிறந்த ஊர். 1930 டிசம்பர் 1 அன்று கெல்லாக் கம்பெனி அங்கே மூன்று எட்டு மணி ஷிப்டுகளை நான்கு ஆறு மணி ஷிப்டுகளாக மாற்றியது. ஊரில் வேலையில்லாமல் திரிந்தவர்களில் கொஞ்சம் பேருக்கு நாலாவது ஷிப்டில் இடம் கிடைத்தது. மணிக்கூலியை 12.5 சதவீதம் ஏற்றினார்கள். கணக்குப் போட்டால், எட்டு மணிக்கு 100 வாங்கியவர் ஆறு மணிக்கு ஏறத்தாழ 84 வாங்கினார். பதினாறு போயிற்று, தினமும் இரண்டு மணி நேரம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையை எடுத்துவிட்டார்கள்; ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஐந்து வருடத்தில் விபத்துகள் குறைந்து, ஒரு பெட்டிக்கு ஆகும் செலவும் இறங்கியது. முன்பு எட்டு மணிக்குக் கொடுத்ததை இப்போது ஆறு மணிக்கே கொடுக்க முடிகிறது என்று முதலாளி டபிள்யூ.கே. கெல்லாக்கே சொன்னார்.

ஜனங்கள் அந்த நேரத்தை என்ன செய்தார்கள்? கெயின்ஸ் பயந்தபடி யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. தோட்டம் போட்டார்கள், துணி தைத்தார்கள், காய்கனிகளைப் பதப்படுத்தினார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள், நூலகத்துக்குப் போனார்கள். பெஞ்சமின் ஹனிகட் என்ற வரலாற்றாசிரியர் இந்தத் தொழிலாளிகளைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

போர்க்காலத்தில், 1943இல், எட்டு மணி நேரம் திரும்ப வந்தது. போர் முடிந்ததும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பான்மையோர் ஆறு மணிக்கே வாக்களித்தார்கள். அதாவது இரண்டையும் அனுபவித்துப் பார்த்தவர்கள், சம்பளம் குறையும் என்று தெரிந்தே நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'மனிதனுக்கு ஆசை அடங்காது, அதனால்தான் வேலை குறையவில்லை' என்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

பிறகு ஏன் போனது? பழைய முதலாளி ஒதுங்கிவிட்டார், புதிய நிர்வாகத்துக்கு இதில் அக்கறை இல்லை. போருக்குப் பின் மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி செலவில் ஏறின. அப்படியானால் நான்கு பேரை ஆறு மணிக்கு வைப்பதைவிட மூன்று பேரை எட்டு மணிக்கு வைப்பது மலிவு. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக வாக்களித்து மாறிக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். ஆண்கள் அதிகமிருந்த பிரிவுகள் ஒவ்வொன்றாக எட்டுக்குப் போயின. ஆறு மணி ஷிப்டைப் பெண்களுக்கானது என்று ஏளனம் பேசும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் மனைவி வேலை வைக்கிறாள் என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசிவரை நின்றவர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் பெண்கள். 1985இல் கம்பெனி கையை விரித்தது: எட்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறோம். ஒத்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு மதுக்கடையில் கூடி, அட்டையில் சவப்பெட்டி செய்து, ஆறு மணி ஷிப்டுக்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள்.

மெஷின் அங்கே வருடத்துக்கு வருடம் மேம்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதன் பலன் கூலியாக வரலாம், லாபமாகப் போகலாம், நேரமாகவும் கிடைக்கலாம். எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு வசதியான வடிவத்தில்தான் அது இறங்குகிறது.

இதை நாடுகளை வைத்தும் பார்க்கலாம். 1970 வாக்கில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு மணி நேரம்தான் உழைத்தார்கள். இப்போது ஜெர்மனியில் சராசரி 1,350ஐ ஒட்டி, அமெரிக்காவில் 1,800ஐ ஒட்டி இருக்கிறது. இருவருக்கும் அதே கம்ப்யூட்டர், அதே ரோபோ. (ஜெர்மன் சராசரியில் பகுதிநேர வேலை பார்க்கும் பெண்களின் கணக்கும் கலந்திருக்கிறது, அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். கழித்தாலும் இடைவெளி பெரிது.) 1984இல் ஐஜி மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் 35 மணி நேர வாரம் கேட்டு ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தது. உடனே கிடைத்தது 38.5, இறங்கி இறங்கி 35ஐத் தொட 1995 ஆனது. அதே சங்கம் 2018இல் போட்ட ஒப்பந்தத்தில், ஷிப்ட் பார்ப்பவர்களும் குழந்தை, முதியோர் பராமரிப்பில் இருப்பவர்களும் கூடுதல் தொகைக்குப் பதில் 8 நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று இடம் வைத்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் வேண்டாம், நாள் கொடு என்று விண்ணப்பித்தார்கள். பேட்டில் கிரீக் வாக்கெடுப்பு மாதிரியேதான். யாராவது கேட்டால் ஜனங்கள் நேரத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தியைத் தொடாமல் போக முடியாது. 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது, போருக்குப் பின் ஜெர்மனியும் ஜப்பானும் அப்படித்தான் எழுந்தன என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம், ஞாயிறும் வேலை என்று ஒரு படி மேலே போனார். போர் முடிந்து பதினொரே வருடத்தில், 1956 மே தினத்துக்கு, ஜெர்மன் தொழிற்சங்கங்கள் ஒரு சுவரொட்டி அடித்தன. ஒரு சிறுவனின் படம், 'சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்' என்ற வாசகம். நாட்டைக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் சனிக்கிழமையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் வேறு வழியில் போனது. வேலையால் சாவதற்குத் தனிச் சொல்லும், 2014இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமும் தேவைப்பட்ட நாடு அது.

எழுபது மணி நேரத்தால் உற்பத்தியாவது பெருகுமா? முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வெடிமருந்து ஆலைகளில் எடுத்த பழைய பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் மறுபடி அலசினார். வாரத்துக்கு 50 மணியைத் தொடும் இடத்திலிருந்து ஒவ்வொரு கூடுதல் மணியிலும் கிடைக்கும் கூடுதல் உற்பத்தி குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் நின்றவர்கள் 56 மணி நேரம் நின்றவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகச் செய்துவிடவில்லை. உடம்புக் கணக்கை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னார்கள்: 35–40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்.

ஆனால் நம் ஊரில் நீண்ட நேரம் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மூர்த்தியின் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்யவில்லை. திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிகிறது. டீ குடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து இரவு வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அவசரமென்றால் நள்ளிரவு தாண்டி இரண்டு. வேலை தேடி வருபவர் செக்யூரிட்டியிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'ஒன்றரை ஷிப்ட் ஓடுதா?' ஒரு ஷிப்ட் மட்டும் ஓடும் கம்பெனிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பார்கள் முதலாளிகள். பொய்யில்லை. ஒரு ஷிப்ட் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் கட்ட முடியாது.

இப்போது சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948 சட்டத்தின் 59ஆம் பிரிவு மிகைநேரத்துக்கு (ஓவர்டைம்) இரட்டிப்புக் கூலி என்றது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் பார்த்தால் அந்த நான்குக்கு எட்டு மணிக் கூலி வர வேண்டும். ஆக, பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு ஷிப்ட் கூலி. நிறையக் கம்பெனிகளில் கையில் வருவது ஒன்றரை ஷிப்ட் கூலி. அந்த அரை ஷிப்ட் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆளுக்கும், எங்கோ போகிறது. போதாததற்கு, காலாண்டுக்கு மிகைநேரம் 50 மணியைத் தாண்டக்கூடாது என்று 64ஆம் பிரிவு வரம்பு கட்டியது. தினம் நான்கு மணி, வாரம் ஆறு நாள், பதின்மூன்று வாரம் என்று பெருக்கினால் 312 வருகிறது.

இரட்டிப்புக் கூலி வைத்ததே தொழிலாளிக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்காக மட்டுமில்லை. நேரத்தை நீட்டுவது முதலாளிக்குக் கட்டுப்படியாகாமல் செய்து இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்கவைப்பதற்காகவும்தான். மிகைநேரம் ஒற்றைக் கூலியில் கிடைத்தால், அந்தத் தொகைக்கு பி.எஃப். கட்ட வேண்டியதில்லை, கிராஜுவிட்டியிலும் அது சேராது. புது ஆளை எடுப்பதைவிட இருப்பவரை நீட்டுவதே லாபம். பேட்டில் கிரீக் கணக்கேதான், வேறு பெயர்களில்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்த மசோதா உங்களுக்கு நினைவிருக்கலாம். தொழிற்சாலைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, வேலைநேரம், இடைவேளை பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் கேட்டார்கள். நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். காதுக்கு நிக்சனின் நான்கு நாள் வாரம் மாதிரியே இருந்தது, ஆனால் மணி அதே 48. விலக்கு அளிக்கக்கூடிய பிரிவுகளில் இரட்டிப்புக் கூலிக்கான 59உம் இருந்தது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன, மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று முதலமைச்சர் வாபஸ் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நாளும் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

ஐ.டி.யில் இருப்பவர் என்று தோன்றுவதால் உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கம்பெனி பல ப்ராஜெக்ட்களில் கிளையன்ட்டுக்கு விற்பது உங்கள் மணி நேரத்தை. டைம்ஷீட்டில் ஏறும் மணிதான் பில். ஒன்பது மணி நேர வேலையை ஐந்தில் முடித்தால் நான்கு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம் என்று எந்த மேனேஜரும் சொல்ல மாட்டார். இன்னொரு டிக்கெட், அதாவது அடுத்த வேலை, வரும். அதோடு அமெரிக்காக்காரன் காலையில் காபி குடிக்கும் நேரம் உங்களுக்கு ராத்திரி போன் கால். வேகமாக வேலை செய்பவருக்குப் பரிசாக நேரம் கிடைக்காத இடத்தில் எந்தக் கருவி வந்தும் நேரம் மிச்சமாகாது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்தில் பல ஊர்களில் இட்லி தீபாவளி, பொங்கல் பலகாரம். கிரைண்டர் வந்ததும் அரைக்கும் உழைப்பு போனது, இட்லி அன்றாட உணவானது. 2011இல் தொடங்கி அரசே மிக்சி, கிரைண்டர், ஃபேன் வீடுவீடாகக் கொடுத்தது; நான் அதை நல்ல திட்டம் என்றே சொல்வேன், எத்தனையோ தோள்களைக் காப்பாற்றியது. ஆனால் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார், செய்கிற ஆண்கள் 88 நிமிடம். அமெரிக்காவிலும் அப்படித்தான்: 1920களில் வாரம் 52 மணி நேரம் வீட்டுவேலை பார்த்த இல்லத்தரசி, வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்த 1960களில் 55 மணி நேரம் பார்த்தார் என்று ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். துவைப்பது சுலபமானதும் தினமும் துவைக்க வேண்டியதானது.

ஆசை, ஆடம்பரம், இஎம்ஐ என்ற பதிலை நான் அடியோடு தள்ளவில்லை. அடுத்தவரைவிட மேலே இருக்க வேண்டும் என்ற தேவைக்கு எல்லையில்லை என்று கெயின்ஸே எழுதினார். ஆனால் மாதச் சம்பளத்தை எது தின்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மெஷின் மலிவாக்கியது டிவி, செல்போன், துணி. மனை, பள்ளிக்கூட சீட், ஆஸ்பத்திரி பில் மூன்றையும் எந்த மெஷினும் மலிவாக்கவில்லை. இந்த மூன்றுக்காகத்தான் பெரும்பாலோர் ஓடுகிறார்கள். இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, ஏஐ. வாரத்துக்கு மூன்று நாள் வேலை போதும் என்று பெரிய முதலாளிகளே பேசுகிறார்கள். பேசட்டும். நான் அந்தப் பேச்சைக் கவனிப்பதில்லை, வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நாளுக்கு 8, வாரத்துக்கு 48, மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்பதை வைத்திருக்கிறது. ஆனால் காலாண்டுக்கு எத்தனை மணி மிகைநேரம் வாங்கலாம் என்ற எண்ணை அரசு வகுக்கும் விதிகளுக்கு விட்டுவிட்டது. அந்த எண் 50க்கு எவ்வளவு மேலே போகிறது, இரட்டிப்புக் கூலியை நேரில் வந்து சரிபார்க்க எத்தனை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். அடுத்த பத்து வருடத்தில் நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பதை எந்த ஏஐ மாடலைவிடவும் அவைதான் அதிகம் தீர்மானிக்கும்.